பவழமணிச் செடியில் என்ன கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

பவழமணிச் செடி என்று இங்கே சொல்வது ஆர்டிசியா கிரெனாட்டாவை. ஜப்பான், சீனா தொடங்கி வடகிழக்கு இந்தியா வரை, காடுகளில் பெரிய மரங்களின் அடியில் வளரும் குறுஞ்செடி. ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மீட்டர் உயரம். ஆண்டு முழுவதும் பளபளக்கும் கரும்பச்சை இலை, கோடையின் தொடக்கத்தில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாய்ச் சின்னஞ்சிறு பூ, குளிர்காலத்தில் இலைக்குடைக்குக் கீழே கொத்துக்கொத்தாகச் சிவப்புப் பழம். ஒவ்வொரு பழமும் 5 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். அடுத்த பூ வரும்வரைகூட உதிராமல் நிற்கும்.

இது நிதானமாக வளரும் செடி. கோளாறும் நிதானமாகத்தான் வெளியே வரும். இன்று மஞ்சளாகத் தெரியும் இலைக்கான காரணம் மூன்று வாரத்துக்கு முன்பே நடந்து முடிந்திருக்கலாம். நேற்று ஊற்றிய உரம் நாளை பலன் தரும் என்று எதிர்பார்த்து, நாளை மறுநாள் இன்னொன்றை ஊற்றுவதால்தான் பெரும்பாலான செடிகள் சாகின்றன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்று வாரம் பொறுங்கள். அதன் பிறகு வந்த புது இலையைப் பாருங்கள். பழுதான இலை மீண்டும் பச்சையாகாது. புது இலை நன்றாக வந்தால் செடி தேறிவிட்டது என்று பொருள்.

மருந்துக்கு முன் மூன்று சோதனை

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இவற்றைச் செய்யுங்கள்.

ஈரம்: மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். மேல் 3 சென்டிமீட்டர் காய்ந்து, அதற்குக் கீழே லேசாக ஈரம் தெரிந்தால் சரியான நிலை. குச்சி முழுக்க கருத்து மண் ஒட்டி வந்தால் தண்ணீர் அதிகம். முழுக்க உலர்ந்து வந்தால், வேர்க்கட்டி காய்ந்து, ஊற்றிய தண்ணீர் தொட்டிச் சுவரை ஒட்டி வழிந்து வெளியேறிக் கொண்டிருக்கிறது.

வெளிச்சம்: நண்பகலில் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு ஒரு முழம் மேலே கையை விரித்துப் பிடியுங்கள். விரல்களின் நிழல் ஓரம் மங்கி, ஆனால் ஐந்து விரலும் எண்ணும்படி விழுந்தால் இந்தச் செடிக்குப் பொருத்தமான நிழல். கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாக விழுந்தால் வெயில் அதிகம். நிழலே விழவில்லை என்றால் இலை பிழைக்கும், பழம் வராது. நிழல் விரும்பும் செடி என்றால் இருட்டை விரும்பும் செடி என்று பொருளல்ல. காட்டில்கூட இது நன்றாகக் காய்ப்பது மரக்கூரையில் வெளிச்சம் கசியும் இடங்களில்தான்.

வேர்: செடியின் அடித்தண்டை விரலிடுக்கில் பிடித்து, தொட்டியைக் கவிழ்த்துத் தட்டினால் வேர்க்கட்டி முழுதாக வெளியே வரும். வெளிர்நிறத்தில் விறைப்பாக இருந்தால் நல்ல வேர். பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் கழன்று உள்ளே நூல் மட்டும் நின்றால் அழுகிய வேர். இந்த ஒரு நிமிடப் பார்வை பல மாத ஊகத்தைத் தவிர்க்கும்.

இலை ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன முடிச்சு

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. புதிதாக இந்தச் செடியை வாங்குபவர்கள் நோய் என்று நினைத்து மருந்தடிப்பதும் இலையைக் கிள்ளி எறிவதும் இதற்காகத்தான். ஒரு முதிர்ந்த இலையைப் பறிக்காமல் அப்படியே வளைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இலையின் ஓரம் சின்ன அலைகளாக மடிந்திருக்கும். அந்த அலைகளின் பள்ளங்களில், குண்டூசித் தலையைவிடச் சிறிய, தடித்த, அடர்ந்த நிறப் புள்ளிகள் கோர்த்த மணிபோல் ஏறக்குறைய சீரான இடைவெளியில் தெரியும். விரலால் தடவினால் ஓரம் நெருடும்.

அது நோயல்ல. அந்த முடிச்சுகளுக்குள் இருப்பவை செடியோடு கூட்டு வாழும் பர்க்ஹோல்டேரியா இன பாக்டீரியாக்கள். தளிரின் நுனியில் குடியிருக்கும் அவை, இலை விரியும் முன்பே அதன் ஓரத் துளைகள் வழியே உள்ளே புகுந்துவிடும். விதை வழியாக அடுத்த தலைமுறைக்கும் போகும். எஃப்.ஆர். 900359 என்ற சேர்மத்தை 1988இல் இந்தச் செடியின் இலையிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள். அதைத் தயாரிப்பது செடியல்ல, இந்த பாக்டீரியாக்கள்தான் என்பது பிறகு தெரிந்தது. பாக்டீரியா இல்லாமல் போன செடி இலை சுருண்டு, தளிர் நின்று, குட்டையாகவே முடங்கிவிடும். ஆகவே அந்த மணிகளுக்காக மருந்து அடிக்காதீர்கள். பாக்டீரியாக் கொல்லி மருந்தை இந்தச் செடியின் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

எப்போது கவலைப்பட வேண்டும்? ஓரத்தை விட்டு இலையின் நடுநரம்பை ஒட்டியோ தண்டிலோ மேடுகள் இருந்தால். அவை நகத்தால் நெம்பினால் கழன்று வருமானால் செதில் பூச்சி. கீழே அதற்கெனத் தனியாக எழுதியிருக்கிறோம். வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. இலையோர முடிச்சு செடிக்குத் துணை. வேர் முடிச்சு பகை. நூற்புழு கண்ட தொட்டிச் செடியைக் காப்பாற்ற முயல்வதைவிட, நுனிக் கொழுந்தில் பதியன் எடுத்துக்கொண்டு, மண்ணையும் வேரையும் மொத்தமாக அப்புறப்படுத்துவதே நல்லது. தொட்டியைக் கொதிநீரில் கழுவாமல் மறுபடி பயன்படுத்த வேண்டாம்.

கீழ் இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன

அடியில் ஆண்டுக்கு ஒரு சில முதிய இலைகள் உதிர்வது இயல்பு. மூன்று நான்கு நாளில் ஐந்தாறு இலை மஞ்சளாகி, மண் எப்போதும் ஈரமாகவே இருந்தால் அது வேரின் மூச்சுத் திணறல். காட்டின் இலைமக்கில் வளரும் செடி இது; அதன் வேருக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். களிமண் கலந்த தொட்டி மண்ணில் தண்ணீர் நின்றால் முதலில் சாவது நுனிவேர். அடுத்து ஃபைட்டோப்தோரா, பித்தியம் போன்ற நீர்ப்பூஞ்சைகள் உள்ளே வரும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், வேர் அழுகிய செடியும் தண்ணீர் இல்லாத செடியைப் போலவே வாடும். ஈர மண்ணில் செடி வாடி நிற்பதைப் பார்த்துப் பதறி மேலும் ஒரு குவளை ஊற்றுவார்கள். அதோடு கதை முடிந்துவிடும். அதனால்தான் முதலில் குச்சி.

அழுகல் உறுதியானால்:

1. வேர்க்கட்டியை வெளியே எடுத்து, பழைய மண்ணை வாளித் தண்ணீரில் அலசி நீக்குங்கள். குழாயைப் பீய்ச்ச வேண்டாம். நல்ல வேரும் அறுந்துவிடும்.
2. பழுப்பான, வழவழத்த வேர்களை நல்ல பகுதிவரை வெட்டுங்கள். கத்தரிக்கோலை ஒவ்வொரு முறையும் 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள்.
3. வேரில் பாதி போய்விட்டால் இலையிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். நுனிக் கொழுந்தைத் தொடாதீர்கள். முதிய இலைகளையும் பழக்கொத்துகளையும் எடுங்கள். பழத்தை வெட்ட மனம் வராதுதான். ஆனால் வேர் இழந்த செடிக்கு அந்தக் கொத்து பெரும் சுமை.
4. மீதமுள்ள வேர்க்கட்டியைவிட 3 சென்டிமீட்டர் மட்டுமே அகலமான தொட்டியைத் தேர்ந்தெடுங்கள். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் வாரக்கணக்கில் நனைந்தே கிடக்கும். அழுகல் திரும்பி வரும்.
5. கலவை, பங்கு கணக்கில்: நன்கு மக்கிய இலைமக்கு 2, கழுவிய தென்னை நார்க்கழிவு 1, பெர்லைட் அல்லது பருமணல் 1, பொடித்த மரப்பட்டை 1. நார்க்கழிவைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள உப்பே இலையோரத்தைக் கருக்கும்.
6. ஒருமுறை நிறையத் தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். அடுத்த தண்ணீர் மேல் 3 சென்டிமீட்டர் காய்ந்த பிறகுதான். 6 முதல் 8 வாரம் உரம் கூடாது.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தேங்கிய தண்ணீரை அரை மணி நேரத்துக்குள் கொட்டிவிட வேண்டும். அலங்காரத் தொட்டிக்குள் பிளாஸ்டிக் தொட்டியை வைப்பவர்கள் உள்ளே விரல் விட்டுப் பார்ப்பதே இல்லை. அழுகலில் கணிசமான பங்கு அங்கிருந்து வருகிறது.

புது இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

மஞ்சள் எந்த இலையில் தொடங்குகிறது என்பதே இங்கு துப்பு. கீழ் இலையில் தொடங்கி மேலே ஏறினால் வேரழுகல், அல்லது தழைச்சத்துக் குறைவு. கீழ் இலையிலேயே நரம்புகளுக்கு நடுவில் மட்டும் மஞ்சள் படர்ந்தால் மெக்னீசியக் குறைவு. கொழுந்தில் தொடங்கி, நரம்புகள் பச்சை வலைபோல் நின்று, இடைவெளி வெளுத்துப் போனால் இரும்புச்சத்துக் குறைவு.

மண்ணில் இரும்பு இல்லாததால் இது வருவது அரிது. மண் காரமாகிவிட்டதால் வேரால் இரும்பை எடுக்க முடியவில்லை. இந்தச் செடிக்கு மண்ணின் கார அமில நிலை (pH) 5 முதல் 6.5 வரை இருக்க வேண்டும். கடினத் தண்ணீர் ஊற்ற ஊற்ற, அதிலுள்ள பைகார்பனேட் மண்ணை மெல்ல 7க்கு மேல் தள்ளிவிடும். தொட்டியின் வெளிப்புறத்திலும் மண்ணின் மேலும் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அதுதான் நடக்கிறது. சுவரையோ சிமென்ட் தளத்தையோ ஒட்டி நட்ட செடிக்குச் சுண்ணாம்பு கசிந்தும் இதே நிலை வரும்.

சரிசெய்யும் முறை இரண்டு கட்டம். உடனடி நிவாரணத்துக்கு ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை கீலேட் இரும்பு, அதாவது வேர் எளிதில் எடுக்கும்படி பிணைத்த இரும்பு, 1 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம், ஏற்கெனவே ஈரமான மண்ணில் ஊற்ற வேண்டும். ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை மலிவாகக் கிடைக்கும். ஆனால் மண் காரமாக இருந்தால் அது வேருக்குப் போய்ச் சேரும் முன்பே செயலிழந்துவிடும். பொட்டலத்தில் எது என்று படித்து வாங்குங்கள். நிரந்தரத் தீர்வு தண்ணீரை மாற்றுவது. மழைநீர் சேகரிக்க முடிந்தால் அதைவிட நல்லது வேறில்லை. முடியாதபோது 10 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, சோதனைக் காகிதத்தில் பாருங்கள். 6 அருகே வரும்வரை அரை அரை கிராமாகக் கூட்டுங்கள். ஒருமுறை அளவைக் கண்டுபிடித்துவிட்டால் அதே தண்ணீருக்கு அதே அளவு போதும். புது இலை பச்சையாக வர ஒன்றிரண்டு மாதம் ஆகும்.

மெக்னீசியக் குறைவுக்கு 1 லிட்டருக்கு 2 கிராம் மெக்னீசியம் சல்பேட், இரு வார இடைவெளியில் இரண்டு முறை. அவ்வளவுதான்.

இலையில் வெளுத்த திட்டு, ஓரம் கருகல்

கருகல் எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். வெயில் படும் பக்கத்தில் மட்டும், இலையின் நடுவில் காகிதம்போல் வெளுத்த திட்டு இருந்தால் வெயில் சுட்டது. காலை ஒரு மணி நேர இளவெயிலை இந்தச் செடி தாங்கும். உச்சி வெயிலைத் தாங்காது. திறந்த வெளியில் 50 முதல் 75 விழுக்காடு நிழல்வலை வேண்டும். நிழலிலேயே வளர்ந்த செடியை இடம் மாற்றும்போது பத்துப் பதினைந்து நாள் எடுத்துக்கொண்டு படிப்படியாக நகர்த்துங்கள்.

எல்லா இலையின் நுனியும் ஓரமும் ஒரே சீராகப் பழுப்பேறினால் உப்பு. உரம் அதிகம், அல்லது தண்ணீரிலேயே உப்பு. மண்ணைக் கழுவ வேண்டும்: 5 லிட்டர் தொட்டி என்றால் 15 லிட்டர் நல்ல தண்ணீரை மூன்று தவணையாக, ஒவ்வொன்றுக்கும் இடையே பத்து நிமிடம் விட்டு, மெதுவாக ஊற்றி அடியில் முழுதும் வடியவிடுங்கள். வேர் அழுகிய செடிக்கு இதைச் செய்யக் கூடாது. அதன் பிறகு உரத்தைப் பாதியாகக் குறையுங்கள். அமில விரும்பிச் செடிகளுக்கான மெதுவாகக் கரையும் உரம், பையில் சொன்னதில் பாதி, வளர்பருவத் தொடக்கத்தில் ஒருமுறை போட்டால் ஓராண்டுக்கு ஏறக்குறைய போதும்.

கொழுந்து மட்டும் கருத்துச் சுருண்டால் குளிர்காற்று, அல்லது வெப்பமூட்டியின் உலர்காற்று.

இலை பிசுபிசுப்பு, மேலே கரிப்படலம்

கரிப்படலத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பதில் பயனில்லை. அது மேலிருந்து சொட்டும் தேன்கழிவின் மேல், அதாவது பூச்சி கழிக்கும் இனிப்பு நீரின் மேல், வளரும் பூஞ்சை. சொட்டுவது யார் என்று பார்க்க, பிசுபிசுக்கும் இலைக்கு நேர் மேலே உள்ள இலையைத் திருப்புங்கள். நடுநரம்பின் இருபுறமும் 2 முதல் 4 மில்லிமீட்டர் நீளத்தில், வெளிர் பழுப்பில், ஆமை ஓடுபோல் தட்டையாகவோ அரைக்கோளமாகவோ ஒட்டியிருப்பவை செதில் பூச்சிகள். தண்டில் இருக்கும்போது மரப்பட்டையின் மேடு என்றே தோன்றும். நகத்தால் ஒன்றை நெம்புங்கள். ஓடு கழன்று, அடியில் ஈரமோ மாவுபோன்ற முட்டைத் தூளோ தெரிந்தால் பூச்சி. நெம்பிய இடத்தில் பச்சைத்தோல் கிழிந்தால் அது தண்டின் இயல்பான வடு. இலைக்காம்பின் கக்கத்தில் பஞ்சுபோல் வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி.

ஓட்டுக்கு மேல் அடிக்கும் மருந்து உள்ளே போகாது. அதனால் முதல் வேலை கையால்தான். 70 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றையும் துடைத்தெடுங்கள். பழைய பல் துலக்கும் தூரிகை தண்டுக்கு வசதி. அதன் பிறகு ஓடு இல்லாத குஞ்சுகளுக்காக வேப்பெண்ணெய்த் தெளிப்பு: வெதுவெதுப்பான தண்ணீர் 1 லிட்டர், அதில் திரவ சோப்பு 2 மில்லி கலந்து, பின் வேப்பெண்ணெய் 5 மில்லி. இந்த வரிசையை மாற்றினால் எண்ணெய் கலக்காமல் மிதந்து, கடைசியில் தெளிப்பானில் வெறும் எண்ணெய் வந்து இலையைச் சுடும். மாலையில், இலையின் அடிப்புறம் நனையும்படி, 7 நாளுக்கு ஒருமுறை 4 தடவை. ஒரே தடவை அடித்துவிட்டு நிறுத்தினால் முட்டையில் இருந்தவை பொரிந்து மறுபடி நிரம்பிவிடும். முதலில் ஒரு இலையில் அடித்து இரண்டு நாள் பாருங்கள். வெப்பம் 30 டிகிரி செல்சியசைத் தாண்டும் நாளில் வேண்டாம்.

எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். தேன்கழிவுக்காகச் செதில் பூச்சியின் எதிரிகளை அது விரட்டும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில், கல்லின் மேல் ஏற்றி வைத்தால் எறும்பின் வழி அடைபடும்.

துடைத்தும் தெளித்தும் மாவுப்பூச்சி திரும்பத் திரும்ப வந்தால் வேர்க்கட்டியைப் பாருங்கள். தொட்டியின் உட்சுவரில் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். அங்கேயே ஒரு கூட்டம் வாழ்கிறது. மண்ணை முழுதும் அலசி மாற்றுவதே வழி.

இலை பிசுபிசுக்காமல், மேற்பரப்பு மட்டும் ஊசி குத்தியதுபோல் நுண்புள்ளிகளாக வெளுத்து மங்கினால் செஞ்சிலந்தி. இலைக்கு அடியில் வெள்ளைத் தாளை வைத்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நடந்தால் அதுதான். உலர்ந்த சூடான காற்று இருக்கும் இடத்தில் வரும். இலையின் அடிப்புறத்தைத் தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை, நான்கு தடவை.

இலை செழிப்பு, ஆனால் பூவும் பழமும் இல்லை

காரணங்களை இந்த வரிசையில் கழித்துக்கொண்டே வாருங்கள்.

வயது. விதையிலிருந்து வந்த செடி பூக்க 2 முதல் 4 ஆண்டு ஆகும். முழங்கால் உயரம்கூட எட்டாத நாற்றிடம் பழம் கேட்பது முறையல்ல.

கவாத்து. இந்தச் செடியின் கட்டமைப்பைப் புரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். நடுத்தண்டு கிளைக்காமல் நேராக மேலே போகும். அதிலிருந்து பக்கவாட்டில் குட்டையான கிளைகள் வரும். பூ அந்தப் பக்கக் கிளைகளின் நுனியில் மட்டுமே வரும். கிளை தோன்றிய உடனே வராது, முதிர்ந்த பிறகே. காய்த்து முடித்த கிளை தானாகக் காய்ந்து விழும். ஆகவே அழகுக்காகச் சுற்றிலும் நுனியைக் கத்தரித்தால் வரவேண்டிய பூக்களை மொத்தமாக வெட்டுகிறீர்கள். வேலிச்செடிபோல் இதை வெட்டவே கூடாது.

வெளிச்சம். கைநிழல் சோதனையில் நிழலே விழாத இடம் என்றால், இன்னும் ஒரு மீட்டர் சன்னலுக்கு அருகே நகர்த்துங்கள்.

தழைச்சத்து. இலை வழக்கத்தைவிடப் பெரிதாக, தளதளவென்று, கணுக்களுக்கு இடையே தண்டு நீண்டிருந்தால் உரம் மிஞ்சிவிட்டது. ஒரு பருவம் உரமே வேண்டாம்.

பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை என்றால் அது வேறு கதை. இந்தச் செடி தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், இணைச்செடி தேவையில்லை. ஆனால் பூக்கள் தலைகீழாகத் தொங்குபவை. மகரந்தப்பைகள் நடுவில் கூம்பாகக் கூடி நிற்கும். காற்றோ வண்டோ அசைத்தால்தான் தூள் உதிர்ந்து சூல்முடியில் படும். மூடிய அறையில் அசைப்பவர் யாருமில்லை. பூ விரிந்த நாட்களில், முற்பகலில் பனி உலர்ந்த பிறகு, கிளையின் அடியில் விரலால் நாலைந்து முறை சுண்டுங்கள். பத்து நாள் தொடர்ந்து செய்தால் போதும். மென்தூரிகையால் பூவுக்குப் பூ தொடுவதும் பலன் தரும், பொறுமை இருந்தால். பூக்கும் நேரத்தில் மண் ஒருமுறை முற்றிலும் காய்ந்தாலும் மொட்டு கொட்டும். அந்த மூன்று நான்கு வாரம் தண்ணீர் தவறக் கூடாது. இடமும் மாற்றக் கூடாது. வேப்பெண்ணெயும் தெளிக்கக் கூடாது.

பழம் சுருங்குகிறது, உதிர்கிறது

பழம் நீண்டு நிற்க இதமான குளிர் வேண்டும். 7 முதல் 15 டிகிரி உள்ள இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும். வெப்பமூட்டிய உலர்ந்த அறையில் சில வாரங்களில் சுருங்கும். செடியை வாங்கி வந்த முதல் வாரத்தில் கொட்டினால் பெரும்பாலும் இடமாற்றத்தின் அதிர்ச்சி. பச்சையாக இருக்கும்போதே உதிர்ந்தால் தண்ணீர்த் தட்டுப்பாடு. பழத்தின் மேலேயே தெளிநீர் அடித்து ஈரம் தங்கினால் காம்பில் சாம்பல் பூஞ்சை வரும். ஈரப்பதத்துக்குச் செடியின் மேல் தெளிப்பதைவிட, கூழாங்கல் பரப்பிய தண்ணீர்த் தட்டின் மேல், தொட்டியின் அடி தண்ணீரில் படாமல், வைப்பது நல்லது.

அடியில் மொட்டைத் தண்டு, உச்சியில் மட்டும் குடை

இது நோயல்ல, மேலே சொன்ன கட்டமைப்பின் விளைவு. காய்த்த கிளைகள் ஆண்டுதோறும் உதிர, தண்டு கீழிருந்து வெறுமையாகிக்கொண்டே போகும். ஐந்தாறு ஆண்டுச் செடிக்கு இது வந்தே தீரும். உச்சியை வெட்டி எறிவதற்குப் பதில் விண்பதியன் போட்டால், அதாவது செடியில் இருக்கும்போதே தண்டில் வேர்விட வைத்தால், ஒரு செடி இரண்டாகும். செடி தளிர்க்கும் பருவத்தில் செய்யுங்கள்.

குடைக்கு 10 சென்டிமீட்டர் கீழே, பென்சில் கனத்தில் தண்டு இருக்கும் இடத்தில், 1.5 முதல் 2 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்குங்கள். வெள்ளைக்கட்டை தெரிந்த பிறகு அதன் மேலுள்ள வழவழப்பைக் கத்தியின் முதுகால் சுரண்டுங்கள். இதைச் சுரண்டாமல் விட்டால் பட்டை மறுபடி மூடிக்கொள்ளும், வேர் வராது. பதியன் பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வளையத்தின் மேல் உதட்டில் வேர் ஊக்கிப் பொடி தடவி, ஊறவைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் பாசி இரண்டு கைப்பிடி வைத்துப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, இரு முனையும் இறுகக் கட்டுங்கள். மேலே வெயில் படாமல் ஒரு துணி. 2 முதல் 3 மாதத்தில் தாளின் வழியே வேர் தெரியும். வேர் பழுப்பேறத் தொடங்கியதும் கீழே வெட்டி நடலாம்.

மிஞ்சிய அடிக்கட்டையைத் தூக்கி எறியாதீர்கள். மண்ணிலிருந்து 10 முதல் 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டி, தண்ணீரைப் பாதியாகக் குறைத்தால், சில வாரங்களில் இரண்டு மூன்று புதுத் தளிர் வரும். அவை காய்க்க மறுபடி ஈராண்டு.

விதை முளைக்கவில்லை, முளைத்தும் குட்டையாகவே நிற்கிறது

இதன் விதைக்கு உறக்கநிலை கிடையாது. சேமிக்கும் ஆயுளும் கிடையாது. காய்ந்த விதையை உறையில் வைத்து அடுத்த ஆண்டு போட்டால் முளைக்காது. நன்கு சிவந்த பழத்தைப் பறித்து, சதையைத் தேய்த்துக் கழுவி, அன்றே விதையுங்கள். 1 சென்டிமீட்டர் ஆழம், 20 முதல் 25 டிகிரி, எப்போதும் லேசான ஈரம். 4 முதல் 8 வாரம் பொறுக்க வேண்டும். சதை ஒட்டியிருந்தால் தாமதமாகும், பூஞ்சையும் பிடிக்கும்.

முளைப்பை விரைவாக்கச் சுடுதண்ணீரில் ஊறவைக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். விதைக்குள் இருக்கும் அந்த பாக்டீரியாவைச் சூடு அழித்துவிடும். முளைத்த நாற்று நான்கைந்து இலையோடு சுருண்டு நிற்கும். ஓரத்தில் மணிகளும் இருக்காது. அத்தகைய நாற்றுக்கு எந்த உரமும் பலிக்காது. மணிகள் இருந்தும் மெதுவாக வளர்ந்தால் கவலை வேண்டாம். முதல் ஆண்டில் ஒரு சாண் உயரம்கூட வராது.

நாற்று அடியில் மெலிந்து சாய்ந்தால் நாற்றழுகல். மேல்மண்ணை உலரவிட்டு, மூடியைத் திறந்து காற்றோட்டம் கொடுங்கள். சாய்ந்தவை தேறா; பக்கத்தில் நிற்பவற்றைக் காப்பாற்றலாம்.

உறைபனிக்குப் பின் இலை கருத்துவிட்டது

சுழியத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரி சில மணி நேரம் போனால் இலை மட்டும் கெடும். மைனஸ் 7, 8 டிகிரி வந்தால் தண்டும் சாகலாம். அவசரப்பட்டு வெட்டாதீர்கள்; தளிர்காலம் வரை விட்டு, தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரியும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள். தரையில் நட்ட செடி, தண்டு முழுதும் செத்தாலும் வேரிலிருந்து திரும்பி வரும்.

தொட்டியைச் சுற்றிலும் கேட்காமலே நாற்று

உதிர்ந்த பழங்கள் முளைக்கின்றன; பறவைகள் தின்று தொலைவுக்கும் கொண்டு போகின்றன. ஈரமும் வெப்பமும் உள்ள இடங்களில் இது சாதாரண விஷயமல்ல. அமெரிக்காவின் புளோரிடாவிலும் ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலும் தோட்டத்திலிருந்து தப்பிக் காட்டின் அடித்தளத்தை மூடிவிட்ட களை இது. உங்கள் பகுதியில் இதை வளர்ப்பதற்குத் தடை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடுங்கள். காட்டை ஒட்டிய இடமானால் தரையில் நடவே வேண்டாம், தொட்டியோடு நிறுத்துங்கள். பழம் சுருங்கத் தொடங்கியதும் கொத்தோடு வெட்டி, கட்டிய பையில் போட்டுக் குப்பையில் சேருங்கள். உரக்குழியில் போட்டால் அங்கேயே நாற்றங்கால் ஆகிவிடும். வேண்டாத செடியைத் தண்டோடு வெட்டினால் திரும்பத் தழைக்கும். மண் ஈரமாக இருக்கும்போது அடிவேரோடு தோண்டியெடுங்கள்.

இந்தப் பழம் உண்பதற்கானதல்ல. குழந்தைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாத உயரத்தில் தொட்டியை வையுங்கள். கால்நடை மேயும் இடத்தில் வெட்டிய கிளைகளைப் போடாதீர்கள்.